இடது முன்சக்கரம்

பரந்தாமன் முப்பத்தொரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். வண்டிகளுக்குப் போகிற போல்ட்டு, புஷ், பின் என்று சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் செய்கிற கம்பெனி அது. அவர் இருந்தது இன்ஸ்பெக்‌ஷனில். லேத்திலிருந்து இறங்கி வருகிற உருப்படிகளை அளந்து பார்த்து, சரியானதை ஒரு தட்டிலும் தேறாததைச் சிவப்புப் பெயிண்ட் அடித்த தட்டிலும் போட வேண்டும். அவர் சிவப்புத் தட்டில் போட்டது போட்டதுதான். மேனேஜரே நேரில் வந்து, "சார், ஒரு மயிரிழைதானே, லாரி வெளியில நிக்குது" என்று கெஞ்சினாலும் எடுத்து இந்தப் பக்கம் வைக்க மாட்டார். பரந்தாமனை ஏமாற்ற முடியாது என்று கம்பெனி முழுக்கப் பேர்.

அந்தப் பேரை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுத்தான் வாங்குவார். தண்ணீர் கேனின் மூடியில் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். இதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. எதிராளி தடுமாறுகிற அந்த ஒரு நொடிக்காகவே சில சமயம் கேள்வி கேட்பார் என்று அவர் மனைவி கன்னியம்மாள் சொல்வாள்.

அவர்கள் பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். செம்பரம்பாக்கம் பக்கத்தில் இருந்த நிலத்தை ஒரு குடோன்காரருக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருந்தார் பரந்தாமன். ஒரே மகள் சுரேகா கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். ரிட்டையரான கையோடு, பன்னிரண்டு வருஷம் ஓடிய ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். வாங்கிய புதிதில் ஓர் இடத்தில் சர்வீஸுக்கு விட்டபோது, நன்றாக இருந்த பேட்டரியைப் போய்விட்டது என்று சொல்லி மாற்றிவிட்டார்கள். இது அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்துப் பேர் ஒரே நாளில் போய்விட்டதைப் போல நொந்துபோனார். அன்றிலிருந்து, மெக்கானிக்குகள் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்கிற வீடியோக்களைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்திவைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

போன கார்த்திகையில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு வாரம், காரின் முன்பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் டொக்கென்று ஒரு தட்டல். கன்னியம்மாள்தான் முதலில் சொன்னாள்.

"ஏங்க, என் காலுக்குக் கீழ ஏதோ தட்டுதுங்க."

ஆயில் மாற்றுகிற சமயமும் வந்திருந்ததால், இருவரும் அப்படியே ஆவடி ரோட்டில் இருந்த ஜீவாவின் ஷெட்டுக்குப் போனார்கள். ஜீவாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஐ.டி.ஐ. படித்து, பெரிய சர்வீஸ் சென்டரில் எட்டு வருஷம் இருந்துவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டவன். அவனுடைய அப்பா துலுக்கானம், பரந்தாமனின் அப்பா நிலத்தில் கூலிக்கு உழுதவர். அதனால் பரந்தாமனின் வாயில் அது எப்போதும் 'துலுக்கானம் மவன் ஷெட்டு'தான். ஜீவாவின் பெயர் கொட்டை எழுத்தில் போர்டில் இருந்தது. அதைப் படிக்காதவரைப் போல அவர் அப்படிச் சொல்வார்.

ஜீவா வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். பிறகு இடது பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, டயருக்கு அடியில் ஒரு நீளக் கடப்பாறையை நுழைத்து மெல்ல நெம்பினான். டக்கென்றது.

"சார், இங்க வந்து கைய வெச்சிப் பாருங்க" என்றான்.

பரந்தாமன் குனிந்து, அவன் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். ஜீவா மறுபடி நெம்பினான். விரலுக்கு அடியில் இரும்பு ஒரு குதி குதித்து அடங்கியது. கன்னியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் ஜாயிண்ட் போயிகீது சார். சக்கரத்த வண்டியோட புடிச்சிகினு கீறதே இதான். இது கயண்டுகிச்சின்னா சக்கரம் அப்டியே மடங்கிக்கும்."

"ப்ளே, அதான் ஆட்டம், எத்தினி மில்லிமீட்டர் இருக்கு?"

ஜீவா நிமிர்ந்தான். "மில்லிமீட்டரா? அதெல்லாம் அளக்கல சார். அசையவே கூடாது. இது அசையுது."

"அளக்காமயே மாத்தணும்னு எப்பிடிப்பா சொல்ற?"

"கைல தெரியுதே சார். உங்களுக்கும் தெரிஞ்சிச்சி இல்ல?" என்றவன், கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பக்கமும் மாத்திடலாம் சார். அந்தப் பக்கமும் லேசா ஆரம்பிச்சிகீது. சாமான் பூந்தமல்லிலயே கெடைக்கும். சாயந்தரம் வண்டிய எடுத்துகினு போயிடலாம்" என்றான்.

'ரெண்டு பக்கமும்' என்ற சொல் காதில் விழுந்ததுமே பரந்தாமனின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் கெட்டால் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்வார்கள், உஷார் என்று முந்தாநாள்தான் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். அவன் சொன்ன தொகை ஒன்றும் அவரால் முடியாத தொகை இல்லை. மாடி வாடகையில் பாதிகூட வராது. ஆனாலும் துலுக்கானம் மவன் சொல்லி, தான் தலையாட்டுவதா என்றிருந்தது.

"ஆயில மட்டும் மாத்து. மத்தத அப்பறம் பாக்கலாம்."

"அப்பறம்னா எப்ப சார்? ரொம்ப நாள் உடாதீங்க. அதுவரைக்கும் நாப்பதுக்கு மேல போவாதீங்க. ஹைவே பக்கமே எடுக்காதீங்க."

பக்கத்தில் பைக்கைக் கொண்டுவந்திருந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பரந்தாமன் அவரைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டரும் இவங்களும் ஒண்ணுங்க. பயம் காட்டினாத்தான் பொழப்பு ஓடும்."

பைக்காரர் சிரித்தார். ஜீவா சிரிக்கவில்லை. "பயம் காட்டல சார். பட்டத சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இறக்கினான். ஆயில் மாற்றிய தேதியும் தன் போன் நம்பரும் எழுதிய அட்டையை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் கன்னியம்மாள், "மாத்திட்டாதான் இன்னாங்க?" என்றாள்.

"அவன் சொன்னா உடனே மாத்திடணுமா?" என்றார் பரந்தாமன்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனார். அங்கே செங்கல்வராயன் டயர் கடை வைத்திருந்தார். கம்பெனியில் கொஞ்ச காலம் கூட வேலை பார்த்தவர். செங்கல்வராயன் கடை வாசலிலேயே நின்று, டயரைக் காலால் ஓர் உதை உதைத்தார். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஓடும் சார். இந்த ரோட்டுல எந்த வண்டிதான் சத்தம் போடல? அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்."

அவர் வண்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. அடியில் குனியக்கூட இல்லை. இப்படிப் பார்த்து ஒருவன் கம்பெனியில் உருப்படியைப் பாஸ் பண்ணியிருந்தால், பரந்தாமன் அவனை அன்றைக்கே மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் அன்று அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில்தான். நன்றி சொல்லிவிட்டு, நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

வீட்டு அலமாரியில், நூலளவு ஆட்டத்தையும் அளக்கிற அவருடைய டயல் கேஜ் இருந்தது. ரிட்டையராகும்போது கம்பெனியில் அன்பளிப்பாகக் கேட்டு வாங்கி வந்தது. காரின் டிக்கியில் ஜாக்கி இருந்தது. அரை மணி நேரத்தில் அவரே அளந்து பார்த்திருக்கலாம். இரண்டொரு தடவை அலமாரிக் கதவு வரைக்கும் போனார். அளந்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் அளக்காமல் திரும்பினார் என்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கே புரிந்தது.

மாடியில் குடியிருந்தவன் பிரசன்னா. செம்பரம்பாக்கம் பக்கத்துக் குடோன் ஒன்றில் சூப்பர்வைசர். அவன் மனைவி ஸ்வாதி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். சின்னச் சின்னப் பாகங்களை விரல் நுனியால் எடுத்துப் பொருத்துகிற வேலை. நாலு வயதில் கவிப்பிரியா என்று ஒரு பெண் குழந்தை. வாடகையை முதல் தேதியே கொடுத்துவிடுகிற, சத்தம் போட்டுப் பேசாத குடும்பம். பரந்தாமனுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

ஜீவாவின் ஷெட்டுக்குப் போய்வந்த ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பிரசன்னா கீழே வந்து தயங்கித் தயங்கி நின்றான். வேப்பம்பட்டில் அக்கா பிள்ளைக்குக் காது குத்து. புக் பண்ணியிருந்த டாக்ஸி வரவில்லை. சீர்த் தட்டெல்லாம் இருக்கிறது, ரயிலில் போக முடியாது.

"சார், தப்பா நினைக்கலன்னா வண்டிய ஒரு நாள்..."

"இதுக்கு இன்னாப்பா இவ்ளோ யோசன!" என்று பரந்தாமன் சாவியை எடுத்து நீட்டினார்.

நீட்டும்போது ஒரு நொடி கை நின்றது. இடது பக்கம் ஒரு சத்தம் வருகிறது, மெக்கானிக் ஒன்று சொல்லியிருக்கிறான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், பின்னே ஏன் சார் மாற்றவில்லை என்று கேட்பான். கெட்டுப்போன வண்டியைக் கொடுக்கிறாரே என்று நினைப்பான். பட்டுப் பாவாடையில் கவிப்பிரியா படிக்கட்டில் குதித்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா போப்பா. ரோடு மோசமா இருக்கு" என்றார் பரந்தாமன்.

அவ்வளவுதான் சொன்னார்.

பத்தரை மணிக்குப் போன் வந்தது. பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரிக்கு அருகில் மழையில் ரோடு பெயர்ந்து விழுந்திருந்த ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியிருக்கிறது. இறங்கிய இடது முன்சக்கரம் ஏறவில்லை. அப்படியே உள்பக்கமாக மடங்கிவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டுபோய் ஓரத்தில் இருந்த சிமெண்டுக் கட்டையில் மோதி நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். அவர் திருப்பாமல் இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பரந்தாமனும் கன்னியம்மாளும் ஆட்டோ பிடித்து ஆவடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிரசன்னாவுக்கு நெற்றியில் ஆறு தையல். ஸ்வாதி குழந்தையைக் காப்பாற்றக் கையை நீட்டியதில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது பேசவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பரந்தாமனைப் பார்த்ததும் பிரசன்னா எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சார், மன்னிச்சிடுங்க சார். பள்ளத்த பாக்காம இறக்கிட்டேன். உங்க வண்டிய இப்பிடிப் பண்ணிட்டேன் சார். எவ்ளோ ஆனாலும் நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

பரந்தாமனால் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. "வண்டி கெடக்குது விடுப்பா" என்றார். அதைக் கேட்டு அங்கிருந்த ஒரு பெரியவர், "எப்பேர்ப்பட்ட மனசு பாரு" என்றார். கன்னியம்மாள் சட்டென்று திரும்பி, ஸ்வாதி படுத்திருந்த அறைக்குள் போய்விட்டாள்.

வண்டியில் தொங்கிய அட்டையில் நம்பர் இருந்ததால், இழுத்துக்கொண்டு போனவர்கள் ஜீவாவுக்குத்தான் போன் செய்து, அவன் ஷெட்டிலேயே விட்டுவிட்டார்கள். அந்த அட்டைதான் அடுத்த வினைக்கும் காரணமானது. ஸ்வாதியின் அண்ணன் லட்சுமணன் கோபக்காரன். விபத்து நடந்த இடத்தில், ஒன்பது நாளைக்கு முன்னால் சர்வீஸ் செய்த வண்டி என்று அட்டையில் தேதியைப் பார்த்ததும் அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. மறுநாள் காலை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். வண்டியின் சொந்தக்காரர் என்ற முறையில் பரந்தாமனையும் வரச் சொல்லியிருந்தான். அவர் போவதற்குள் ஷெட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"சர்வீஸ் பண்ணியே, இன்னாத்தடா பாத்த? என் தங்கச்சி கை போச்சி. கொயந்த செத்துருந்தா நீ குடுப்பியா?"

ஜீவா பதறவில்லை. கழற்றிவைத்திருந்த ஜாயிண்டை எடுத்து நீட்டினான். உருண்டை தனியாகவும் கிண்ணம் தனியாகவும் கையில் கிடந்தது.

"அண்ணாத்தே, கத்தாத. இத்த பாரு. இதான் போயிகீது. நான் அன்னிக்கே சொன்னேன், மாத்திடலாம்னு. சாருதான் அப்பறம் பாக்கலாம்னாரு. அதோ வர்றாரு, அவரையே கேளு."

எல்லாரும் திரும்பினார்கள். பரந்தாமன் அப்போதுதான் செருப்பில் ஒட்டிய சேற்றை ஷெட் வாசல் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து முகம். அதில் இரண்டு பேர் அவருடைய தெருக்காரர்கள். லட்சுமணன் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஐயா, இவன் சொல்றது நெஜமா? சொன்னானா?"

ஆமாம் என்ற ஒரே வார்த்தை போதும். ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு ஒரு குரல். தன்னுடைய குரல்தான். இருந்தாலும் ரொம்ப நிதானமாக, பெரிய மனிதத் தோரணையில் இருந்தது.

"ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னான்பா. இவ்ளோ மோசம்னு சொல்லல. சொல்லியிருந்தா நான் மாத்தாம இருப்பேனா?"

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். லட்சுமணன் ஜீவாவின் சட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். ஜீவா டூல்ஸ் பெட்டியின் மேல் போய் விழுந்தான். எழுந்து திருப்பி அடிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் எழுந்து பரந்தாமனை ஒருமுறை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். கண்ணெதிரே ஒருவர் பணத்தைத் திருடுவதைப் பார்த்துவிட்டு, அது நாம் மதித்த ஆளாயிற்றே என்று திகைக்கிறவனைப் போல அவன் பார்த்தான். பிறகு குனிந்து, சிதறிய ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அந்த வாரம் ஜீவாவின் ஷெட்டில் நிற்கிற வண்டிகள் குறைந்துவிட்டன. சர்வீஸ் பண்ணின ஒன்பதாம் நாளே சக்கரம் மடங்கிவிட்டதாம் என்று தெரு வாட்ஸ்அப்பில் யாரோ போட்டோவோடு போட்டார்கள். உஷாராக இருங்கள் என்று கீழே பத்துப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். பரந்தாமன் அதைத் திறந்து திறந்து பார்த்தார். ஒருவர், 'பாவம் பரந்தாமன் சார், அவரையே ஏமாத்திட்டான்' என்று எழுதியிருந்தார்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூங்கப் போனால், விரல் நுனியில் அந்த இரும்பு குதிப்பது தெரிந்தது. அவன் சொன்னது புரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். செங்கல்வராயன் ஓடும் என்றாரே என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அதில் கால்வாசி ஆட்டம் இருந்ததற்கே கம்பெனியில் ஆயிரம் உருப்படியை அவர் சிவப்புத் தட்டில் கொட்டியிருக்கிறார். தொட்ட அந்த நொடியே அவருக்குத் தெரியும்.

கன்னியம்மாள் தினமும் மாடிக்குச் சோறு எடுத்துப் போனாள். கட்டுப் போட்ட கையோடு இருந்த ஸ்வாதிக்குத் தலை வாரிவிட்டாள். ஆறாம் நாள் மத்தியானம், காலித் தட்டோடு இறங்கி வந்தவள் சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு எனக்கு தாங்க்ஸ் சொல்லுதுங்க. தெனம் சொல்லுது. எனக்கு அந்தத் தட்ட அங்கயே போட்டுட்டு எங்கனா ஓடிப் போயிடலாம் போல இருக்குது."

பரந்தாமன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தானே அங்க உக்காந்துனு இருந்தேன். அவன் கடப்பாறைய வெச்சி ஆட்டிக் காட்டினான். நீங்க கையால தொட்டுப் பாத்தீங்க. என்ன யாரும் கேக்கல. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். இத்த முன்கூட்டியே சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலமே அவர் மாடிப்படி ஏறினார். பதினேழு படி. தானே நின்று கட்டியது. ஆனாலும் பாதியில் மூச்சு வாங்கியது. பிரசன்னா கதவைத் திறந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஜீவா என்ன சொன்னான், தான் எதைத் தொட்டுப் பார்த்தார், சாவியைக் கொடுக்கும்போது எதைச் சொல்ல வந்து விழுங்கினார், ஷெட்டில் என்ன பொய் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னார். குரல் உடையவில்லை. ஒரு ரிப்போர்ட்டை வாசிப்பதைப் போலத்தான் வந்தது. அது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

பிரசன்னாவுக்கு முதலில் புரியவில்லை.

"அப்போ... பள்ளத்தால இல்லையா சார்?"

"பள்ளம் ஒரு சாக்குதான்பா. எந்தப் பள்ளத்துலயாவது அது மடங்கியிருக்கும்."

"நான் இத்தினி நாளா தூங்கல சார்" என்றான் பிரசன்னா. "என் கொழந்தைய நானே கொல்லப் பாத்தேன்னு நெனச்சிகினு இருந்தேன். ஸ்டியரிங்க இப்பிடித் திருப்பியிருக்கணுமா, பிரேக்க முன்னாடியே புடிச்சிருக்கணுமான்னு..."

இது பரந்தாமனுக்குத் தோன்றவே இல்லை. தன் வெட்கத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவருக்கு, தான் மூடிவைத்த ஒரு வார்த்தையின் அடியில் இன்னொரு மனிதன் ஆறு நாளாக நசுங்கிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளறைக் கதவருகே ஸ்வாதி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கியிருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கொழந்தையும் வண்டில வருதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"தெரியும்மா" என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை லட்சுமணனைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். வழியிலேயே விஷயத்தைச் சொன்னார். லட்சுமணன் நடுரோட்டில் நின்றுவிட்டான். "உங்க வயசுக்கு நான் கைய ஓங்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான்.

ஷெட்டில் இரண்டு பைக்காரர்களும் ஓர் ஆட்டோ டிரைவரும் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேர் இருந்தால் நல்லது என்று ஒரு மனமும், இவர்களும் இல்லாதிருந்தால் நல்லது என்று ஒரு மனமும் சொல்லிற்று. ஜீவா பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், வேலையை நிறுத்தவில்லை.

"ஜீவா அன்னிக்கு மாத்தச் சொன்னாப்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் பரந்தாமன். "சக்கரம் மடங்கிக்கும்னே சொன்னாப்ல. நான்தான் வேணாம்னேன். அப்பறம் இங்கயே நின்னு பொய் சொன்னேன். இவர் மேல ஒரு தப்பும் இல்ல. வாட்ஸ்அப்லயும் எழுதிட்டேன்."

லட்சுமணன் முன்னால் போய், "மச்சான், மன்னிச்சிக்க. தெரியாம கை வெச்சிட்டேன்" என்று ஜீவாவின் தோளைத் தொட்டான். ஜீவா அவனுக்குத் தலையாட்டினான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன் என்றான். பிறகு செயினைக் கீழே வைத்துவிட்டுப் பரந்தாமனிடம் வந்தான்.

"அன்னிக்கு ஊட்டுக்குப் போயி எங்கப்பா கைல சொன்னேன் சார். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? பரந்தாமன் பொய் சொல்ற ஆள் இல்ல, நீதான் ஒயுங்கா எடுத்து சொல்லியிருக்க மாட்டன்னு என்னிய திட்டினாரு."

பரந்தாமன் தலையைக் குனிந்துகொண்டார். "அவரை வந்து பாக்கறேன்பா" என்றார்.

"வேணாம் சார். அவருக்கு வயசாயிடிச்சி. நானே சொல்லிக்கறேன்" என்றான் ஜீவா. "இன்னொண்ணு. அந்த வண்டிய எடுத்துகினு போயிடுங்க. நான் தொடல. கோவம்லாம் இல்ல. நாளைக்கி நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க மறுபடி யோசிப்பீங்க. எனக்கு அந்த வேல வேணாம்."

அன்று மத்தியானமே வண்டியை இழுத்துப் போக ஆள் வைத்தார். பழைய இரும்புக்கு எடுக்கிறவரிடம் கொடுத்தார்.

வாட்ஸ்அப்பில் அவர் எழுதியதற்கு யாரும் கும்பிடு போடவில்லை. இரண்டு பேர் மட்டும், 'உண்மையை ஒத்துக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்' என்று எழுதினார்கள். அதைப் படித்தபோதுதான் அவர் ரொம்பக் குறுகிப்போனார். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே வார்த்தை. போனை மூடிவைத்துவிட்டார். ஜீவாவின் ஷெட்டுக்குப் பொங்கலுக்குள் பழையபடி வண்டிகள் வர ஆரம்பித்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தார்.

தை மாதம் பிரசன்னா வீட்டைக் காலி செய்தான். குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் காடுவெட்டியில் வீடு கிடைத்திருக்கிறது என்றான். கவிப்பிரியா இன்னமும் ஆட்டோவிலோ காரிலோ ஏற மாட்டேன் என்கிறாள் என்பதைக் கன்னியம்மாள்தான் அவரிடம் சொன்னாள். ஸ்வாதியின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்க அவர் எவ்வளவோ கேட்டும் அவர்கள் வாங்கவில்லை. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

மாசியில் ஒருநாள் காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தார். கம்பெனி பஸ்ஸுக்காக யூனிபார்ம் போட்ட பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அதில் ஸ்வாதி இருந்தாள். வேலைக்குத் திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. பையை இடது தோளில் மாட்டி, வலது கையை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள். பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். கால் அந்தப் பக்கம் போகவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த ஒரு கல்யாணப் பேனரைப் படிப்பதைப் போல, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபத்தின் பெயர் என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டுத் திரும்பியபோது, ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. அவர் கையைத் தூக்கப் போனார். அதற்குள் அவள் பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பி எதையோ பேச ஆரம்பித்துவிட்டாள்.